பின்னால் ஒரு வண்டி இருக்கிறது

பிப்ரவரி 4

சிட்டுவின் அம்மாவுக்கு,

என் மகள் வயிற்றுப் பேத்தி, அதுதான் பெரியவள், மருந்தாளர் படிப்பில் தேறிவிட்டாள். வகுப்பில் மூன்றாவது. அவளுக்கு முன்னால் வந்த இரண்டு பேரும் பையன்கள். அவர்களை வீட்டில் ஒரு தட்டு கழுவச் சொல்லியிருக்க மாட்டார்கள். அதனால் என் கணக்குக்கு இவள்தான் முதல். அவள் தம்பி நீச்சல் போட்டியில் வெள்ளிக் கோப்பை வாங்கினான். தலைக்குத் தண்ணீர் ஊற்றினாலே தெருவைக் கூட்டியவன், உனக்கு நினைவிருக்கும். கோப்பையைக் கூடத்து அலமாரியில் வைத்திருக்கிறோம். வருகிறவர்கள் அதைப் பற்றிக் கேட்காவிட்டால் நான் ஒரு துணியை எடுத்து அதைத் துடைக்க ஆரம்பித்துவிடுவேன். அப்புறம் கேட்டுத்தானே ஆகவேண்டும்? காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். என் குஞ்சுகள் உண்மையிலேயே பொன்.

எனக்கு இன்னொரு பேத்தியும் இருக்கிறாள். யாராவது கேட்டால், "அவ ரொம்ப நல்லாப் படிக்கிறா" என்று சொல்லி வைக்கிறேன். எத்தனையாவது வகுப்பு, என்ன மார்க்கு என்று அடுத்த கேள்வி வந்தால், அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று எழுந்து போய்விடுகிறேன். நீ அவளைக் கூட்டிக்கொண்டு ஊர் மாறிப் போய் இரண்டு வருஷமாகிறது. எத்தனை நாள்தான் அடுப்பைச் சாக்குச் சொல்வது?

விஷயத்துக்கு வருகிறேன். என் மகன் தண்ணீர் மோட்டார் பழுது பார்த்த பட்டறை மேசை, சாமானைக் கவ்விப் பிடிக்கிற அந்த இரும்பு வைஸோடு, பின்பக்கக் கொட்டகையில் அப்படியே கிடக்கிறது. மாப்பிள்ளை தன் காரை நிறுத்த இடம் வேண்டும் என்கிறார். மேசை உன் புருஷன் சம்பாதித்தது, உனக்குத்தான் சேரவேண்டும். நீ போகும்போது அவன் செய்த டிரெய்லரை வேனில் மாட்டிக்கொண்டு போனாயே, அதிலேயே பள்ளிக்கூட லீவில் வந்து எடுத்துக்கொண்டு போ. சிட்டுவை யாரிடமும் விட்டுவிட்டு வரவேண்டாம். பாரம் பிடிக்க ஆள் வேண்டாமா?

ஒன்று சொல்கிறேன். துருப்பிடித்த வண்டியை என் வாசலில் கொண்டுவந்து நிறுத்தாதே. பெயிண்ட் அடித்துக்கொண்டு வா. அக்கம்பக்கத்தில் கண் இருக்கிறது.

போனில் பேசினால் ஆகாதா என்று மகள் கேட்கிறாள். காதில் வைக்கிற மெஷின், போனைக் கண்டாலே விசில் அடிக்கிறது. எழுத்து ஒன்றுதான் இப்போது எனக்குக் கேட்கிறது. அதுவும் ஐந்தாம் வகுப்பு எழுத்து.

எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம்.

இப்படிக்கு,
உன் மாமியார்


பிப்ரவரி 15

அத்தைக்கு,

பெரியவளுக்கும் தம்பிக்கும் என் வாழ்த்தைச் சொல்லுங்கள். சிட்டு நான்காம் வகுப்பு. கணக்கில் நன்றாக வாங்குகிறாள். கையெழுத்து கோழி கிளறியதுபோல இருக்கிறது என்று டீச்சர் எழுதி அனுப்பியிருக்கிறார். இனி அடுப்பைப் பார்க்க எழுந்து போகவேண்டாம்.

மேசையை எடுத்துக்கொள்கிறேன். டிரெய்லர் என்னிடம்தான் இருக்கிறது. நீங்கள் சொன்னபடி துருவைச் சுரண்டி, இரண்டு கோட் பெயிண்ட் அடித்தோம். நிறத்தைச் சிட்டு தேர்ந்தெடுத்தாள். பச்சை. விளக்குகளையும் ஒவ்வொரு ஸ்க்ரூவையும் கழற்றி வைத்துவிட்டு, ஒரு இடம் விடாமல் அடித்தாள். வண்டி முழுக்கப் பச்சை, அவள் முழங்கை வரைக்கும் பச்சை.

சிக்கல் வேறு இடத்தில். பழைய டீசல் வேன் போன வருஷமே உயிரை விட்டுவிட்டது. இப்போது செகண்ட் ஹாண்டில் ஒரு எலெக்ட்ரிக் கார் வைத்திருக்கிறேன். என் குஷன் தைக்கிற கடைக்கு இரண்டு நாற்காலி, ஒரு மூட்டை ஸ்பாஞ்ச் ஏற்ற அது போதும். பின்னால் கொக்கி இருக்கிறது, இழுக்கவும் தெம்பு இருக்கிறது. ஆனால் டிரெய்லரின் விளக்குகள் சரியாக எரியவில்லை. வேனில் உங்கள் மகன் பின்விளக்கு ஒயரிலிருந்தே ஒரு கிளை பிரித்து டிரெய்லருக்குக் கொடுத்திருந்தார். இந்தக் காரில் அப்படிக் கை வைக்கக் கூடாதாம். ஒவ்வொரு ஒயரையும் உள்ளே ஒரு கம்ப்யூட்டர் காவல் காக்கிறது. நடுவில் ஒரு சின்னப் பெட்டி வைத்து, அதன் வழியாகத்தான் டிரெய்லருக்குக் கரண்ட் போகவேண்டும் என்றார்கள். பெட்டியும் வைத்தாயிற்று.

வைத்த பிறகும் பிரேக்கை மிதித்தால் பின்விளக்கு மங்கலாக எரிகிறது, கூடவே கேட்காத இண்டிகேட்டரும் எரிகிறது. இடதுபக்கம் திரும்பப் போகிறேன் என்று சொன்னால் இரண்டு பக்கமும் முணுக் முணுக் என்கிறது. இப்படி நெடுஞ்சாலையில் ஏறினால் பின்னால் வருகிறவன் மேலே வந்து மோதுவான். சிட்டுவை உட்கார வைத்துக்கொண்டு அதைச் செய்யமாட்டேன்.

லீவுக்குள் சரியானால் வருகிறோம்.

சிட்டுவின் அம்மா


பிப்ரவரி 23

சிட்டுவின் அம்மாவுக்கு,

பெரியவளுக்கு ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை கிடைத்துவிட்டது. வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு போகிறாள். தம்பி அடுத்த போட்டிக்குப் போகிறான்.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். மகளைவிட்டும் படிக்கச் சொன்னேன். பெட்டி என்கிறாய், கம்ப்யூட்டர் என்கிறாய், காவல் என்கிறாய். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஒரு விளக்கு மங்கலாக எரிகிறது என்பதற்காக யாராவது பேத்தியைப் பாட்டி கண்ணில் காட்டாமல் இருப்பார்களா? வர மனசில்லை என்றால் வர மனசில்லை என்று எழுது. பாவம், பேச வாயில்லாத வண்டி. அதன் தலையில் பழியைப் போடாதே.

நீ போன அன்று அந்த வண்டியின் விளக்கு இரண்டும் நன்றாகத்தான் எரிந்தன. தெருத் திருப்பம் வரைக்கும் சிவப்பாகத் தெரிந்தன. திருப்பத்தில் வலதுபக்கத்து விளக்கு மூன்று தடவை மின்னியது, அப்புறம் காணோம். எனக்குக் காதுதான் போயிற்று, கண் போகவில்லை.

எனக்கு ஒன்றும் இல்லை. மாப்பிள்ளைதான் காரை வைத்துக்கொண்டு கஷ்டப்படுகிறார்.

உன் மாமியார்


மார்ச் 3

அத்தைக்கு,

வர மனசில்லாதவள் ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டிக்கு அடியில் முதுகைத் தேய்த்துக்கொண்டு கிடப்பாளா? என் தலைமுடியில் இன்னும் பச்சைப் பெயிண்ட் இருக்கிறது.

நான் கிளம்பிய அன்று நீங்கள் வாசலுக்கே வரவில்லை. கதவு சாத்தியிருந்தது. "பாட்டி தூங்கறாங்களா?" என்று சிட்டு கேட்டாள், ஆமாம் என்று சொன்னேன். வாசலுக்கு வராதவருக்குத் திருப்பம் வரைக்கும் எப்படித் தெரிந்தது?

நான் ஏன் கிளம்பினேன் என்று நீங்கள் கேட்கவே இல்லை. உங்கள் மகன் இறந்தபிறகு அந்த வீட்டில் எந்தக் கதவைத் திறந்தாலும் அவர் அந்தப் பக்கம் நிற்கிற மாதிரி இருந்தது. திறந்தால் நிற்கவில்லை. ஒரு நாளைக்கு எத்தனை கதவு திறக்கவேண்டியிருக்கிறது. எனக்குக் கதவுகள் குறைவாக இருக்கிற ஒரு வீடு தேவைப்பட்டது. இது ஒரே அறை, முன்னால் கடை.

வண்டி விஷயம். கடைக்காரர் ஒருவர் விளக்குதான் பழசு என்றார். "எலெக்ட்ரிக் காருக்குக் கரண்ட் மிச்சம் பண்ணணும்க்கா, எல்ஈடி போடுங்க" என்று புது விளக்குகளைக் கொடுத்தார். பழையதைக் கழற்றி பிஸ்கட் டப்பாவில் வைத்துவிட்டுப் புதியதை மாட்டினேன். முன்பு மங்கலாவது எரிந்தது, இப்போது சுத்த இருட்டு.

இன்னொரு மெக்கானிக், "பழைய ஒயரை எல்லாம் வெட்டிப் போட்டுட்டுப் புதுசா ஓட்டிரலாம்க்கா, ஒரு மணி நேர வேலை" என்று கட்டரை எடுத்துவிட்டார். "கட்டரைக் கீழ வைங்க" என்றேன். நான் கத்தியதில் அவர் பயந்தே போனார். டிரெய்லருக்கு அடியில் ஒவ்வொரு இணைப்பிலும் உங்கள் மகன் சுற்றிய நீல டேப் இருக்கிறது. சுற்றி முடித்ததும் நுனியை ஒரு சின்ன மடிப்பு மடித்து விடுவார், பிறகு பிரிப்பவனுக்கு நகம் தேவைப்படக் கூடாது என்று. எல்லா மடிப்பும் அப்படியே இருக்கின்றன. அதை வெட்டச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இதையும் சாக்கு என்று எழுதுங்கள்.

மேசையின் இடதுபக்க இழுப்பறையில் ஒரு டெஸ்ட் விளக்கு இருக்கும். சின்ன பல்பு, இரண்டு ஒயர், ஒன்றின் முனையில் கவ்வி, மற்றதில் ஊசி. எங்கே கரண்ட் வருகிறது, எங்கே நின்றுபோகிறது என்று தொட்டுப் பார்ப்பதற்கு. கடையிலும் கிடைக்கும். இருந்தாலும் கேட்கிறேன். முடிந்தால் அனுப்புங்கள்.

மருமகள்


மார்ச் 14

மருமகளுக்கு,

இத்துடன் பார்சல். பல்பு உடையாமல் இருக்க என் பழைய சேலையைக் கிழித்துச் சுற்றியிருக்கிறேன். துணியைத் தூக்கிப் போடாதே, பட்டுக் கரை.

கொட்டகைப் பூட்டு திறக்க மாட்டேன் என்றது. எண்ணெய் விட்டு, திட்டி, திறந்தேன். அவன் போனபிறகு நான் அதற்குள் போனது இல்லை. மேசை மேல் ஒரு மோட்டாரைப் பாதி கழற்றி வைத்திருக்கிறான், ஸ்க்ரூக்களை ஒரு தட்டில் வரிசையாக. சாப்பிட்டுவிட்டு வந்து மாட்டுகிறவன் மாதிரி. நான் அதைத் தொடவில்லை.

இழுப்பறையில் நீல டேப்புச் சுருள் ஒன்று இருந்தது. நீ சொன்ன மடிப்பைத் தேடிப் பார்த்தேன், இருந்தது. உனக்கு ஒரு விஷயம் தெரியாது. சின்னப் பிள்ளையில் பிளாஸ்டர் சுருளில் நுனி கிடைக்காமல் அழுவான். அவன் அழக் கூடாது என்று நான்தான் மடித்து வைப்பேன். பெரியவனானதும் அவன் உனக்காக மடித்திருக்கிறான் என்று இப்போதுதான் தெரிகிறது. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது. இருக்கட்டும்.

விளக்கு எரிகிறதா என்று பேரனின் ஸ்கூட்டர் பேட்டரியில் வைத்துப் பார்த்தோம். எரிந்தது. "பாட்டி, ஷாக் அடிக்காது, கண்ணைத் தொறங்க" என்று சிரித்தான்.

கதவு சாத்தியிருந்தது என்று எழுதியிருக்கிறாய். சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தேன். வாசலுக்கு வந்திருந்தால் வண்டிக்கு முன்னால் படுத்திருப்பேன். போகத் துணிந்தவளைத் தடுத்து வைத்து, நாளைக்கு அவள் என்னைப் பார்த்தே வெறுத்துப் போவதற்கா? அதனால்தான் ஜன்னல்.

துணியை மறக்காதே.

அத்தை


மார்ச் 26

அன்புள்ள அத்தைக்கு,

பட்டுக் கரையைச் சிட்டு தலையில் ரிப்பனாகக் கட்டிக்கொண்டாள், கழற்ற மாட்டேன் என்கிறாள்.

டெஸ்ட் விளக்கு வந்த அதிர்ஷ்டம், எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி வண்டி ஒயரிங் செய்கிற ஒருவர் அகப்பட்டார். தெருவில் எல்லோரும் அவரை 'டெஸ்டர்' என்கிறார்கள், காதில் பென்சில் வைப்பதுபோல எப்போதும் ஒரு டெஸ்டரைச் சொருகி வைத்திருப்பதால். மனிதர் நம் டெஸ்ட் விளக்கைக் கையில் வாங்கி, "யாரு செஞ்சது? கவ்வி நல்லா இறுக்கமா இருக்கே" என்றார். அதைக் கேட்டுவிட்டு நான் உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

அவர் கவ்வியைக் காரின் இரும்பில் மாட்டி, ஊசியால் டிரெய்லர் பிளக்கின் ஒவ்வொரு பின்னையும் தொட்டார். எல்லாவற்றிலும் பல்பு எரிந்தது. அதாவது கார் ஒழுங்காகக் கரண்ட் அனுப்புகிறது. அடுத்து கவ்வியைக் கழற்றி டிரெய்லரின் சட்டத்தில் மாட்டினார். எதிலும் எரியவில்லை.

"கரண்ட் போகுதும்மா, திரும்பி வர வழியில்ல" என்றார்.

உங்கள் மகன் டிரெய்லரின் இரும்புச் சட்டத்தையே திரும்பி வருகிற பாதையாக வைத்து ஒயரிங் செய்திருந்தார். எர்த் ஒயரைச் சட்டத்தில் ஒரு ஸ்க்ரூ போட்டு இறுக்கியிருந்தார். விளக்குகளின் அடித்தகடும் சட்டத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். இரும்போடு இரும்பு. நாங்கள் எல்லாவற்றையும் கழற்றி, இரண்டு கோட் பெயிண்ட் அடித்து, அந்தப் பச்சைக்கு மேலேயே திரும்ப மாட்டியிருக்கிறோம். எல்லாம் பார்க்க அதனதன் இடத்தில்தான் இருந்தது. நடுவில் ஒரு படலம் பெயிண்ட், கரண்ட் தாண்டவில்லை. சிட்டு ஒரு இடம் விடாமல் அடித்ததுதான் கோளாறு. பழியை நான் யார் மேலும் போடவில்லை. பெயிண்ட் அடித்துக்கொண்டு வரச் சொன்னவர் யார் என்று மட்டும் யோசித்துப் பாருங்கள்.

சிட்டு அழுதுகொண்டே மூன்று இடத்தில் நாணய அளவுக்குச் சுரண்டினாள். ஸ்க்ரூவை இறுக்கினோம். விளக்கு எரிந்தது! நானும் அவளும் தெருவில் குதித்தோம். குதித்து முடிப்பதற்குள் அணைந்துவிட்டது.

காரின் திரையில் டிரெய்லர் மாட்டப்படவில்லை என்று வருகிறது. கண்ணெதிரே மாட்டியிருக்கிறது, கார் இல்லை என்கிறது. பின்னால் எடுத்தால் மட்டும், பின்னால் ஏதோ இருக்கிறது, இடிக்கப் போகிறாய் என்று பீப் பீப் என்று அலறுகிறது. டெஸ்டர் தலையைச் சொறிந்துகொண்டு, பெட்டியின் விவரத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போயிருக்கிறார்.

லீவு ஏப்ரல் கடைசியில் தொடங்குகிறது.

மருமகள்


ஏப்ரல் 2

மருமகளுக்கு,

பேரன் இந்தத் தடவை நான்காவதாக வந்தான். அதற்குக் கோப்பை கிடையாது.

நீ எழுதியதைப் படித்தேன். பெயிண்ட் அடிக்கச் சொன்னது நான்தான். குழந்தையை அழவிட்டுவிட்டேன். அவளிடம் சொல், பாட்டி வரச் சொன்னது வண்டியைப் பார்க்க இல்லை என்று.

லீவு அடுத்த வருஷமும் வரும். வருஷம் என்ன பெரிய தூரமா? நீ கடையை விட்டுவிட்டு அலையாதே. அந்தக் கார் பாதி வழியில் கரண்ட் தீர்ந்து நின்றால் என்ன செய்வாய்? பாரம் இழுத்தால் சீக்கிரம் தீரும் என்று மாப்பிள்ளை சொல்கிறார். எனக்கு ஒன்றும் வேண்டாம். நான் நன்றாக இருக்கிறேன். பெரியவள் காலையில் போனால் சாயங்காலம் வருகிறாள், தம்பி பயிற்சிக்குப் போகிறான், மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் வேலை. வீடு அமைதியாக இருக்கிறது. எனக்கு எப்படியும் ஒன்றும் கேட்பதில்லை, அதனால் தொந்தரவு இல்லை.

நேற்று மகள் என்னைப் பிடித்துக்கொண்டாள். "தபால்காரரை ஏம்மா அப்படி முறைக்கிறே? அவரா ஒயர் மாட்டறாரு?" என்றாள். நான் முறைக்கவில்லை. வெயிலில் கண் கூசியது.

கூடத்துச் சுவரில் பெரியவளின் படம், தம்பியின் படம், சான்றிதழ் எல்லாம் மாட்டியாயிற்று. மூன்றாவது படத்துக்கு ஆணி ஒன்று அடித்து வைத்திருக்கிறேன். அதில் இப்போதைக்குக் குடை தொங்குகிறது. அதுவும் ஒரு உபயோகம்தான்.

எனக்கு ஒன்றும் வேண்டாம்.

அத்தை


ஏப்ரல் 11

அன்புள்ள அத்தைக்கு,

விளக்குகள் எரிகின்றன. எல்லாமே. பிரேக், இடது, வலது, பின்பக்கச் சிவப்பு இரண்டும். கொக்கியை மாட்டி, கழற்றி, மறுபடி மாட்டி, கடைத்தெருவை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து எழுதுகிறேன்.

டெஸ்டர் வந்து சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "இந்தக் கார் கண்ணால பாக்கறதில்லம்மா. பிளக்கைச் சொருகினதும் ஒரு சொட்டு கரண்டை விட்டுப் பாக்கும், அந்தப் பக்கம் குடிக்க ஆள் இருக்கான்னு. பழைய பல்பு நல்லா இழுத்துக் குடிக்கும். சரி, பின்னாடி ஒரு வண்டி இருக்குன்னு கார் புரிஞ்சுக்கும். நீங்க மாட்டியிருக்கற புது விளக்கு குடிக்கறதே இல்ல. வேணாம் வேணாம்னு இருக்கு. அதனால யாருமே இல்லன்னு கார் கதவைச் சாத்திக்குது."

சும்மா கரண்ட் குடிப்பதற்கென்றே ஒரு ரெசிஸ்டர் போட்டுக் காரை ஏமாற்றலாம் என்றும் சொன்னார். நான் உள்ளே போய் பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்தேன். உங்கள் மகன் மாட்டியிருந்த அந்தப் பழைய விளக்குகளையே திரும்ப மாட்டினோம். பிளக்கைச் சொருகியதும் திரையில் காருக்குப் பின்னால் குட்டியாக ஒரு டிரெய்லர் படம் வந்தது. அலறலும் நின்றுவிட்டது. பின்னால் இருப்பது இடிக்க வந்ததல்ல, தன்னுடையதுதான் என்று தெரிந்துவிட்டால் அது கத்துவதில்லை.

ஆக, முதலிலிருந்து விளக்கில் கோளாறே இல்லை. அவர் செய்ததை அப்படியே விட்டிருந்தால் போதும். நாம்தான் ஆளுக்கு ஒரு அலங்காரம் செய்தோம்.

டெஸ்டர் பேசிக்கொண்டிருந்தபோது எனக்கு உங்கள் ஞாபகம் வந்தது. ஏன் என்று எழுதமாட்டேன். அவர் போனபிறகு உங்கள் கடைசிக் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். சிட்டுவும் பக்கத்தில் உட்கார்ந்து படித்தாள். அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "பாட்டியும் நம்ம கார் மாதிரிதாம்மா. யாரும் வேணாம்னு எழுதறாங்க, போகலேன்னா கத்தறாங்க." அடிக்கக் கை ஓங்கினேன், சிரிப்பு வந்துவிட்டது.

வழியைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். டிரெய்லரை இழுத்தால் கரண்ட் கிட்டத்தட்ட இரட்டிப்பாகத் தீர்கிறது, உண்மைதான். நடுவில் சார்ஜ் போடுகிற இடங்களைக் குறித்து வைத்திருக்கிறேன். அங்கே டிரெய்லரைக் கழற்றி ஓரமாக நிறுத்திவிட்டுத்தான் சார்ஜ் போடமுடியும், இல்லாவிட்டால் மற்ற வண்டிகளுக்கு வழி அடைபடும். காவலுக்குச் சிட்டு இருக்கிறாள்.

இப்போது கேட்கவேண்டியதைக் கேட்டுவிடுகிறேன். உங்கள் முதல் கடிதம் வந்த அன்றைக்கே கேட்டிருக்கவேண்டும். மாப்பிள்ளை அண்ணனிடம் இருப்பது பைக்தானே, அத்தை? இல்லாத காருக்கு எதற்குக் கொட்டகை?

எனக்குத் தெரிந்தே நான் கேட்கவில்லை. எனக்கும் அந்த மேசை தேவைப்பட்டது, வருவதற்குக் காரணமாக. அதை ஏற்றிக்கொண்டு திரும்பிவிட்டால் அந்த வீட்டில் எனக்கும் சிட்டுவுக்கும் எடுத்துக்கொள்ள ஒன்றும் மிச்சம் இருக்காது. அதற்குப் பிறகு எந்தப் பெயரைச் சொல்லி வருவது? வண்டி சரியான அன்று சந்தோஷப்படாமல் இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சொல்லுங்கள். மேசையை எடுக்க வரட்டுமா, சும்மா வரட்டுமா?

உங்கள் மருமகள்


ஏப்ரல் 17

அம்மாடி,

சும்மா வா.

இதை எழுதிவிட்டுப் பேனாவை வைத்தேன். மறுபடி எடுக்க ஒரு டம்ளர் காப்பி தேவைப்பட்டது.

உன் கடிதத்தை மகளைப் படிக்கச் சொல்லியிருக்கக் கூடாது. பைக் விஷயம் வீடு முழுக்கப் பரவிவிட்டது. மாப்பிள்ளை என் முன்னால் வந்து நின்று, காது கேட்கவேண்டும் என்று உரக்கவே கேட்கிறார்: "அத்தே, எனக்கே தெரியாம எனக்கு எப்போ கார் வாங்கினீங்க? என்ன கலரு?" "பச்சை" என்றேன். பேரன் தரையில் உருண்டு சிரித்தான்.

ஞாபகம் வந்தது, ஏன் என்று எழுதமாட்டேன் என்றாய். எழுதாவிட்டால் எனக்குப் புரியாதா? ஐந்தாம் வகுப்பானாலும் ஒழுங்காகப் படித்தவள். அந்தப் புது விளக்கு நான்தான். வேண்டாம் வேண்டாம் என்று சொல்வது மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருவருக்கும் பாரமாக இருக்கக் கூடாது என்று. நான் ஒன்றும் இழுக்காவிட்டால் நீங்களெல்லாம் நான் இல்லை என்றுதானே நினைப்பீர்கள்? அதனால் இதற்கு முன் எழுதிய எல்லாக் கடிதத்திலும் 'ஒன்றும் வேண்டாம்' என்ற வரியை அடித்துவிடு. எனக்கு வேண்டும். சிட்டு வேண்டும், நீ வேண்டும், லீவு முழுவதும் வேண்டும். அவள் என்னைப் பார்த்து, காருக்கும் எனக்கும் என்ன ஒற்றுமை என்று என் முகத்துக்கு நேராகச் சொல்லவேண்டும். சத்தமாகச் சொல்லச் சொல்.

மேசை இங்கேயே இருக்கட்டும். அதை ஏற்றிவிட்டால் உனக்கு மட்டுமா காரணம் போகும்? உன்னைக் கூப்பிட எனக்கும் சாக்கு வேண்டாமா? ஆனால் டிரெய்லரைக் காலியாகக் கொண்டுவராதே. தைக்கவேண்டிய நாற்காலிகளை, உன் துணி, ஸ்பாஞ்ச், தையல் மெஷின் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு வா. கொட்டகையைப் பெருக்கித் துடைத்துவிட்டோம். ஜன்னலைத் திறந்தால் மேசை மேல் நல்ல வெளிச்சம் விழுகிறது. அவன் பாதியில் விட்ட மோட்டாரை மட்டும் எடுக்காமல் ஒரு ஓரமாக நகர்த்தி வைத்திருக்கிறேன். மிச்ச இடம் உன்னுடையது. இங்கே கதவுகள் நிறைய என்பது எனக்குத் தெரியும். நீ வருகிறாய் என்றால் அத்தனையையும் திறந்தே வைத்துவிடுகிறேன், நீ ஒன்றையும் திறக்கவேண்டியிருக்காது.

இந்தத் தடவை ஜன்னல் இல்லை. வாசலில் நிற்பேன். போகும்போதும் நிற்பேன். பின்விளக்கைப் பார்த்து அழுவேன், அது என் பாடு. முதலில் முன்விளக்கைப் பார்க்கிறேன்.

ஒன்றே ஒன்று. என்னிடம் இருக்கிற படத்தில் சிட்டுவுக்கு முன்பல் இரண்டும் இல்லை. இப்போது முளைத்திருக்கும். முகமும் மாறியிருக்கும். வண்டியிலிருந்து இறங்கும்போது இது யார் என்று நான் ஒரு நொடி முழித்தால்கூட அவள் மனசு கஷ்டப்படும். அதற்கு முன்னாலேயே நான் பார்த்துப் பழகிக்கொள்ளவேண்டும். குடையை ஆணியிலிருந்து எடுத்துவிட்டேன். அவளைப் பச்சை வண்டிக்குப் பின்னால், பட்டு ரிப்பனோடு, நடுவில் நிற்க வை. விளக்கு இரண்டும் எரியும்போது எடு. பல் தெரியச் சிரிக்கச் சொல். போனில் அனுப்பாதே, அதை ஆணியில் மாட்ட முடியாது. கையில் பிடிக்கிற மாதிரி ஒரு புதுப் படம், நாளைத் தபாலில் போட்டுவிடு.

அத்தை